குதிரையும் லென்ஸும் கூட நின்றவனும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "அண்ணாச்சி, நீங்க ஏதாவது பேசணும், பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். "எனக்குக் குதிரையைப் படம் எடுக்கத்தானே தெரியும், அதுல என்ன உபயோகம்?" என்று கேட்டேன். "அதையே பேசுங்க" என்றார். ஆகவே பேச்சு சரியில்லை என்றால் பாதிப் பழி அவருக்கு.

இந்த மேஜை மேல் கறுப்பாக ஒன்று இருக்கிறதே, காலையில் இதை எடுத்துக்கொண்டு வாசலில் நுழைந்தபோது ஒரு தம்பி, "என்ன அண்ணாச்சி, பீரங்கியா?" என்று கேட்டான். பீரங்கி இல்லை. இது 80லிருந்து 200 மில்லிமீட்டர் வரை போகிற ஜூம் லென்ஸ். நிக்கான் கம்பெனி 1988ல் வெளியிட்ட ரகம். 1993ல் சென்னையில் கைமாற்று விலைக்கு வாங்கினேன். அதுக்கும் வட்டிக்குக் கடன். லென்ஸ் மட்டும் ஒன்றேகால் கிலோ. அந்தக் காலத்து கேமராவோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோ. இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள், கல்யாணத்துக்கு மாலை போடக்கூட கழுத்து வராது.

நான் இந்தக் கல்லூரியில் 1978லிருந்து 81 வரை இயற்பியல் படித்தவன். எங்கள் ஒளியியல் பேராசிரியர் இந்த அரங்கில் இருக்கிறார். சார், நீங்கள் நடத்தியது எனக்குக் கடைசி வரை உதவியது, மார்க்கு மட்டும்தான் வரவில்லை. லென்ஸ் ஏன் இவ்வளவு கனம் என்பதற்கு அவர் நடத்திய கணக்கே போதும். 200ஐ 2.8ஆல் வகுத்தால் 71. அதாவது எஃப் 2.8 என்று சொல்ல வேண்டுமானால் ஒளி நுழைகிற வழி 71 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு அகலத்துக்குக் கண்ணாடி, ஒன்றன் பின் ஒன்றாகப் பதினைந்து பதினாறு துண்டு. பின்னால் 2003ல் வந்த 200 – 400 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸ் மூன்றேகால் கிலோ. 400ஐ 4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 100 மில்லிமீட்டர்.

"அவ்வளவு வெளிச்சம் எதுக்கு?" என்று கேட்கலாம். பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்தாலே, அதற்குள் குதிரை ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கால் குளம்பு உடம்பைவிட வேகம். சாயங்கால வெயிலில் ஆயிரத்தில் ஒரு விநாடி வேண்டுமென்றால், வாயை அகலத் திறக்கிற லென்ஸ்தான் சோறு போடும்.

சரி, திருநெல்வேலிக்காரனுக்குக் குதிரை எங்கிருந்து வந்தது?

நான் பார்த்த முதல் குதிரை ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை. பாளையங்கோட்டைக்கு வர வேண்டுமென்றால் தாமிரபரணி மேல் 1843ல் கட்டின சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்க வேண்டும். வண்டிக்காரர் பக்கத்தில் என்னை உட்கார வைப்பார். எனக்குத் தெரிந்தது இரண்டு காதும் ஒரு வாலும்தான். குதிரைக்கு இரண்டு கன்னத்திலும் தோல் பட்டை கட்டியிருக்கும். "இது எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "பக்கத்துல லாரி போறதைப் பாத்தா மிரளும்லா தம்பி, முன்னால மட்டும் பாத்தாப் போதும்" என்றார். அந்தப் பட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது, நம் ஆற்றுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு ஜட்காவைவிடப் பழையது. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் அங்கே வந்து இறங்கினவாம். அந்தக் காயல் நம் பழையகாயல் பகுதிதான் என்று அடையாளம் சொன்னவர் கால்டுவெல். 1881ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினாரே, அவர்தான். பாண்டிய ராஜா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார், ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் மார்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். கடல் கடந்து பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

1983ல் சென்னைக்குப் போனேன். ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை. 1986ல் கிண்டிக்குப் படம் எடுக்க அனுப்பினார்கள். கிண்டியில் 1777லேயே பந்தயம் தொடங்கிவிட்டதாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896ல். நான் போகிற காலத்தில் குதிரைப் பந்தயம் இருக்கலாமா கூடாதா என்பதே கோர்ட்டில் கிடந்தது. 1974ல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு நடந்து, 1996 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் இது அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டமல்ல, திறமையைச் சேர்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது.

கோர்ட்டு என்ன சொன்னால் என்ன, எங்கள் தெருவில் தீர்ப்பு முன்னாலேயே ஆகிவிட்டது. "அவுக மவன் மெட்ராஸ்ல ரேஸுக்குப் போறானாம்" என்று பேச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார்கள். எங்க அப்பா வெள்ளந்தியாக, "கிண்டி குதிரை ரேஸ்ல..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இன்று வரை ஒரு ரூபாய் நான் குதிரை மேல் கட்டினதில்லை. கட்டினதெல்லாம் லென்ஸுக்கு வட்டிதான்.

கிண்டியில் எனக்கு வாத்தியார் ஒரு குதிரைக்காரர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கயிறு பிடித்து நடத்துகிற ஆள். விடியற்காலை ஐந்தரைக்குப் பயிற்சி ஓட்டம் நடக்கும்போது நான் போய் நின்றேன். லென்ஸைத் தூக்கினதும் ஒரு குதிரை மிரண்டு பின்காலில் எழுந்தது. அவர் அதை அடக்கிவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, முதல்ல உன்னை அதுக்குக் காட்டு. அப்புறம் அந்தக் குழாயைத் தூக்கு. அதுக்குத் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட சுத்துவட்டம் முழுக்கத் தெரியும். நீ ஒளிஞ்சு நின்னா புலின்னு நினைச்சுக்கும்." அது உண்மைதான். குதிரையின் கண் தலைக்கு இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் கொஞ்சம் குருடு.

இந்த லென்ஸை 200ல் வைத்தால் எத்தனை டிகிரி தெரியும் தெரியுமா? குறுக்குவாட்டில் பத்து.

பந்தயம் எடுக்கிற முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேமரா வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஆகும். அப்போது லென்ஸின் தானியங்கிக் குவியம் ஓடி வருகிற குதிரைக்கு ஈடு கொடுக்காது. ஆகவே குதிரையைத் துரத்தக் கூடாது. தரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, புல்லோ குளம்புத் தடமோ, அதில் குவியத்தை நிறுத்திவிட்டு, வள்ளுவர் சொன்ன கொக்கு மாதிரி காத்திருக்க வேண்டும். கனத்தை ஒற்றைக்கால் தாங்கியில் இறக்கி, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஓடுகிற குதிரையை எடுக்க வேறு வழியும் உண்டு. ஷட்டரை அறுபதில் ஒரு விநாடிக்கு இறக்கி, குதிரையோடு கூடவே இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். குதிரை தெளிவாக, பின்னணி கோடு கோடாக வரும். பத்துக்கு ஒன்பது பாழாகும். ஃபிலிம் காலத்தில் 36 படத்தில் மூன்று தேறினால் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பேன். குதிரை பக்கத்தில் ஃபிளாஷ் மட்டும் போடவே கூடாது. மிரண்டால் மேலே இருக்கிறவன் உயிர் போகும்.

நம் கோயில் குதிரை வாகனத்தைப் பாருங்கள், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும். வெள்ளைக்கார ஓவியர்கள் வரைந்த பந்தயக் குதிரை முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீட்டிப் பறக்கும். ஓடுகிற குதிரைக்கு நான்கு காலும் எப்போது தரையை விடுகிறது என்று மனிதக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. 1878 ஜூன் மாதம் அமெரிக்காவில் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகப் பன்னிரண்டு கேமராவை வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை ஓடும்போது நூல் அறுந்து ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும்படி செய்தார். கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் சுருண்டிருக்கும்போதுதான் நான்கும் அந்தரத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. எத்தனையோ நூற்றாண்டு பார்த்தும் தெரியாததைக் கேமரா காட்டியது. லென்ஸுக்கு உள்ள பெருமை அது. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் பழைய ரக கேமராவில் இன்னொரு விஷயம் உண்டு. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக இருக்கும். அதில் பட்டுத்தான் நமக்குக் காட்சி தெரியும். பொத்தானை அழுத்தினதும் அந்தக் கண்ணாடி மேலே எழும்பும், அந்த நொடி நம் கண்ணுக்கு இருட்டு. நாம் எந்த நொடியைப் படமாக எடுக்கிறோமோ, அந்த நொடியை மட்டும் நாம் பார்ப்பதில்லை. இப்போது வருகிற கண்ணாடியில்லாத கேமராக்களில் இந்த இருட்டு போய்விட்டது. 1995ல் போகவில்லை.

அந்த வருஷத்துக்குத்தான் இப்போது வருகிறேன்.

1995 வைகாசி. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் நஞ்சை வைத்திருக்கிறான். படிப்பு முடிந்ததும் நாங்களெல்லாம் மெட்ராஸ், பம்பாய், துபாய் என்று கிளம்பினோம். அவன் அணைக்கட்டு வாய்க்கால் தண்ணியை நம்பி ஊரிலேயே நின்றுவிட்டான். "ஏலே, மெட்ராஸ்ல பணக்காரன் குதிரையைத்தானே எடுக்கே. எங்க பக்கம் கோயில் கொடைக்கு வா, மாட்டு வண்டியும் ஓடும், குதிரை வண்டியும் ஓடும். உன் லென்ஸு என்ன பவருன்னு பாப்போம்" என்று கூப்பிட்டான்.

நம் பக்கத்துப் பந்தயம் உங்களுக்குத் தெரியும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவிலிருந்து சின்னச் சின்ன ஊர்க் கொடை வரைக்கும் பந்தயம் இல்லாமல் முடியாது. கிண்டி மாதிரி வேலி, மேடை எல்லாம் கிடையாது. ஊர் ரோடுதான் களம். இத்தனை மைல் போய், கொடி வைத்த இடத்தில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். வண்டி வர வர விலகும், போனதும் மூடிக்கொள்ளும்.

மாட்டு வண்டி முடிந்து, சாயங்காலம் நாலரைக்குக் குதிரை வண்டி. ரோடு ஒரு வளைவு திரும்பி நேராகிற இடத்தில், ஓரமாக நின்றேன். என் வலது கைப் பக்கம் ரோடு, இடது கைப் பக்கம் கூட்டம். என் கூட்டாளியிடம், "நீ பக்கத்துல நில்லு மக்கா, யாரும் என் மேல இடிக்காம பாத்துக்க" என்றேன். லென்ஸை 200ல் வைத்தேன். நாற்பதடி முன்னால் தாரில் ஒரு ஒட்டு இருந்தது, அதில் குவியத்தை நிறுத்தினேன். வலது கண் கேமராவில். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வண்டிகள் வளைவில் திரும்பின. நான்கு குதிரை, ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல, நுரை தள்ளிக்கொண்டு, புழுதியில் வெயில் பட்டு... கிண்டியில் ஒன்பது வருஷம் எடுத்ததில் அப்படி ஒரு காட்சி வாய்க்கவில்லை. இங்கே ஒரு விஷயம். தொலைவிலிருந்து நேரே நம்மை நோக்கி வருகிற பொருள், லென்ஸில் வெகு நேரம் பெரிதாகிற மாதிரியே தெரியாது. நூறு மீட்டரிலிருந்து ஐம்பது மீட்டர் வந்தால்தான் இரண்டு மடங்காகும். ஆனால் இருபதிலிருந்து பத்து வந்தாலே மறுபடி இரண்டு மடங்கு. முதலில் நிற்பது மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று மேலே வந்து நிற்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிக்கு நாற்பது மீட்டரைக் கடக்க ஐந்து விநாடி போதும். கணக்கு எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினேன். விரலை எடுக்கவில்லை. நாலைந்து படம் ஓடிற்று. யாரோ கத்தினது காதில் விழுந்தது. பந்தயத்தில் யார்தான் கத்தவில்லை? நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஏதோ என் காலில் வந்து மோதிற்று. லென்ஸ் ரோட்டில் போய் விழுந்தது. முன்விளிம்பில் இந்த நசுங்கல் அப்போது வந்ததுதான், பிறகு பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

என் காலில் மோதினது ஒரு நாலு வயசுப் பையன். கூட்டத்திலிருந்து நழுவி ரோட்டுக்கு இறங்கியிருக்கிறான். என் இடது பக்கத்திலிருந்து, என் கண் முன்னாலேயே. என் கூட்டாளி பாய்ந்து அவனைப் பிடித்துத் தூக்கி என் பக்கம் எறிந்திருக்கிறான். பையனுக்கு முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. எறிந்தவன் நிலை தடுமாறி விழுந்தான். முதல் வண்டியின் சக்கரம் அவன் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கிற்று. வண்டி ஓட்டினவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வேகத்தில் பிடித்து நிறுத்தினால் பின்னால் வருகிற மூன்று வண்டியும் மேலே ஏறியிருக்கும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதத்தில் மூன்று எலும்பு. மூன்றாம் நாள் நான் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன். லீவு முடிந்தது என்று சொன்னேன். லீவு இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. பையில் இருந்த ஃபிலிமைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்கிற அரிப்புதான் காரணம். இதை முதல் தடவையாக ஒரு சபையில் சொல்கிறேன்.

படம் அருமையாக வந்திருந்தது. நான்கு குதிரைத் தலை, முன்னால் வருகிற குதிரைக்கு நான்கு காலும் அந்தரத்தில். ஆனால் படத்தின் இடது ஓரத்தில் ஒரு மங்கல். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கை. விரல்கள் விரிந்த கை. அதற்குக் கீழே கட்டம் போட்ட சின்னச் சட்டையின் தோள்பட்டை. அந்தக் கண்ணாடி மேலே எழும்பின இருட்டில் நடந்தது அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இடது ஓரத்தை வெட்டிவிட்டுப் பிரிண்டு போட்டேன். மங்கலாக ஒரு கை இருந்தால் போட்டியில் எடுபடாது. ஒரு போட்டிக்கு அனுப்பினேன், பரிசு கிடைத்தது. பத்திரிகையிலும் வந்தது. பரிசுப் பணத்தில் லென்ஸ் கடனைப் பாதி அடைத்தேன். அந்த வருஷம் என் கூட்டாளி கட்டுக் காலோடு திண்ணையில் கிடந்தான். கார் சாகுபடி போயிற்று. ஆள் வைத்து நட முடியாமல் வயலைத் தரிசாக விட்டான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் ஒரு கடிதம் போட்டேன், ஒரே ஒரு கடிதம். அவனோ அந்தப் பத்திரிகையைச் சலூன் கடையில் பார்த்துவிட்டு, ஓசியில் கிழித்துக் கொண்டுபோய், "என் கூட்டாளி எடுத்தது" என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறான். அவன் கையை நான் வெட்டினது அவனுக்குத் தெரியாது.

இருபத்தைந்து வருஷம் அந்த நெகட்டிவ் டப்பாவுக்குள் கிடந்தது. 2020ல் ஊரடங்கு. வேலை இல்லை. பழைய நெகட்டிவை எல்லாம் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் திரையில் முழுப் படமும் வந்தது. ஓரத்தில் அந்தக் கை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் முழுப் படத்தைப் பிரிண்டு போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

"ஏலே, அந்தப் பையனுக்குப் போன வருசம் கல்யாணம் ஆச்சு, தெரியுமா? எனக்குத்தான் முதல் பத்திரிகை வச்சாங்க" என்றான். அப்புறம், "இந்தப் படத்தை நீ அன்னைக்கே குடுத்திருந்தா, அவன்கிட்ட காட்டியிருப்பேன்லா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜட்காக் குதிரையின் கன்னத்தில் கட்டின பட்டையைச் சொன்னேன் அல்லவா? அதை வண்டிக்காரர் கட்டினார், குதிரையாகக் கட்டிக்கொள்ளவில்லை. 350 டிகிரி பார்க்கிற பிராணிக்குப் பட்டை கட்டினோம். நான் பத்து டிகிரிக் குழாயை நானே வாங்கி, நானே மாட்டி, மீதி இருந்த கண்ணையும் நானே மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு பழகிக்கொண்டது ஒன்று உண்டு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே படம் எடுப்பது. முதலில் தலை சுற்றும், இரண்டு காட்சியும் குழம்பும். ஒரு மாதம் பழகினால் வந்துவிடும். வலது கண் லென்ஸில், இடது கண் வெளியில். நல்ல விளையாட்டுப் படக்காரர்கள் பலரும் இப்படித்தான் எடுக்கிறார்கள். கிண்டியில் குதிரை இடறி விழுவதும், ஜாக்கி தூக்கி எறியப்படுவதும், லென்ஸில் தெரிவதற்கு முன் இடது கண்ணில் தெரியும். இரண்டு தடவை அந்தக் கண்தான் என்னை வேலிப் பக்கமிருந்து நகர வைத்தது.

கிண்டி இப்போது பழைய கிண்டி இல்லை. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. 160 ஏக்கருக்கு மேல். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயமும் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நின்று, 2017 சட்டத்துக்குப் பிறகு உயிர் பெற்றது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு சொன்னது. பந்தயம் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, வாயில்லா ஜீவன் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லென்ஸ் வழியாகக் குதிரையின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் நான், எனக்கு இரண்டு பக்கமும் பேச வரும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இன்றைக்குத் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் யாரும் இரண்டரைக் கிலோ தூக்க வேண்டியதில்லை, எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறது. பந்தய வண்டிக்குப் பக்கத்திலேயே பைக்கில் போய், ஒரு கையால் ஹாண்டில் பாரைப் பிடித்து, மறு கையால் செல்போனில் படம் பிடிக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னத் திரையும் பட்டைதான் தம்பி. கனம் இல்லை என்பதால் அது கட்டியிருப்பதே தெரியவில்லை. என் லென்ஸாவது கழுத்தை அறுத்து ஞாபகப்படுத்தும்.

என் வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமெல்லாம் தூரத்தைப் பார்த்துப் போனவர்கள். போனது தப்பில்லை, போகாவிட்டால் கடன் அடைந்திருக்காது. ஆனால் நாம் எடுத்த ஒவ்வொரு நல்ல படத்துக்கும் பக்கத்தில் ஒருத்தன் நின்றிருப்பான். ஃபீஸ் கட்டின அக்கா, ரெக்கார்டு நோட்டு எழுதித் தந்தவன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன எதிர்வீட்டுக்காரர். பிரிண்டு போடும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். வெட்டியிருந்தால் நெகட்டிவ் இன்னும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சை அச்சிட்டால், கூடவே அந்தப் படத்தையும் போட வேண்டும். இடது ஓரம் வெட்டாமல். மங்கலாக இருக்கிறதே என்று அச்சகத்தில் கேட்பார்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். படத்துக்குக் கீழே என் பெயர் மட்டும் போதாது. கை யாருடையது என்று அவனைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பின்வரிசையில், வலது காலைக் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். போடக் கூடாது என்றுதான் சொல்வான். சாப்பாட்டுப் பந்தியில் பிடித்து, பாயசம் வரும்போது கேளுங்கள், ஒத்துக்கொள்வான்.